பெயர் சூட்டிய நண்பர்கள்



தம் வாழ்நாளிலேயே தமக்கு நினைவாலயம் எழுப்பிக்கொண்ட ஓவியர் சால்வதோர் தாலி. ஸ்பெயின் நாட்டின் ஃபிகெரெஸ் நகரில், தாம் பிறந்த ஊரில், உள்நாட்டுப் போரின் இறுதியில் எரிந்துபோன நாடக அரங்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை அருங்காட்சியகமாக்கி 1974இல் திறந்தார். 1989இல் மறைந்தபின் அந்த அரங்க மேடையின் கீழேயே அடக்கம் செய்யப்பட்டார். மீமெய்ம்மையியல் என்று தமிழில் வழங்கும் சர்ரியலிசத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உருகி வழியும் கடிகாரங்களும் முறுக்கி நிமிர்ந்த மீசையுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன என்றால், அதற்கு அந்த அரங்கும் ஒரு காரணம்.

பெல்ஜியத் தலைநகரான பிரஸ்ஸெல்சில் ரெனே மக்ரீத்துக்கு அமைந்துள்ள அருங்காட்சியகம் வேறு வகையானது. 1898இல் பிறந்து 1967இல் மறைந்த அந்த ஓவியர் அதனைக் கண்டதில்லை. அவர் மறைந்து 42 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூன் 2ஆம் நாள், பெல்ஜிய அரச நுண்கலை அருங்காட்சியகங்களின் ஒரு பகுதியாக அது திறக்கப்பெற்றது. அரச சதுக்கத்தின் ஓரத்தில், குதிரைமேல் அமர்ந்த சிலுவைப்போர்த் தலைவர் ஒருவரின் சிலையை நோக்கி நிற்கும் ஆல்டன்லோ மாளிகை என்னும் வெள்ளை நிறக் கட்டடம் அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வங்கியோ அமைச்சக அலுவலகமோ என்றுதான் தோன்றும். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, உணவறையில் நின்றபடி, தரையில் ஒரு துளி வண்ணமும் சிந்தாமல் ஓவியம் தீட்டியவர் என்று பெயர்பெற்ற ஒருவருக்கு அது பொருத்தமான முகப்புத்தான்.

உள்ளே செல்பவர் முதலில் மூன்றாம் தளத்துக்கு ஏறிவிட வேண்டும். பின்னர்ப் படிப்படியாக இறங்கி வர வேண்டும். மூன்றாம் தளத்தில் 1929 வரையிலான இளமைக்காலம். இரண்டாம் தளத்தில் 1930 முதல் 1950 வரை. முதல் தளத்தில் இறுதிக்காலம். ஓவியங்கள், வரைபடங்கள், விளம்பரத் தாள்கள், இசைத்தாள் அட்டைகள், புகைப்படங்கள், கடிதங்கள் என இருநூற்றுக்கும் மேற்பட்டவை அங்கே உள்ளன. வாயிலில் இருக்கும் பெயர் ஒன்றே. ஆனால் இறங்கிவரும் வழியில் கண்ணாடிப் பேழைகளில் கிடக்கும் கடிதங்களையும் துண்டுத்தாள்களையும் பொறுமையாகப் பார்ப்பவருக்கு, இது ஒரு மனிதரின் அருங்காட்சியகமா, ஒரு வட்டத்தின் அருங்காட்சியகமா என்னும் ஐயம் எழாமல் இராது. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டை நிறைவு செய்யும் நாளில் இந்த அருங்காட்சியகத்தைப் பேசுபொருளாகக் கொண்டதற்கு அந்த ஐயமே காரணம்.

மூன்றாம் தளத்திலேயே தொடங்கலாம். மக்ரீத் தம் இளமையில் சுவர்த்தாள் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். அக்கால ஓவியப் போக்குகளைப் பின்பற்றித் தடுமாறிக்கொண்டிருந்த அவரிடம் இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கிரிகோவின் ஒரு படத்தின் அச்சுப்படியைக் காட்டியவர் மர்சேல் லெகோம்த் என்னும் கவிஞர். அதைக் கண்டு மக்ரீத் கண்ணீர் விட்டார். பிறகு அவருடைய தூரிகையின் திசையே மாறிற்று. ஆக, இந்த ஓவியரின் கண்ணைத் திறந்ததே ஒரு கவிஞரின் கைதான் என்பதை அருங்காட்சியகத்தின் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

லெகோம்த்தும், கமீல் கூமான்ஸ் என்னும் மற்றொரு கவிஞரும், போல் நூஜே என்பவரும் சேர்ந்து 1924 நவம்பரில் ஒரு வெளியீட்டைத் தொடங்கியிருந்தனர். அதை இதழ் என்று சொல்வது கடினம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தாள். நீலம், ரோஜா, பச்சை என்று ஒவ்வொரு முறையும் வேறு நிறம். விலை கிடையாது, கடையில் கிடைக்காது. குழுவினர் தேர்ந்தெடுத்த எழுத்தாளர்களுக்கும் நண்பர்களுக்கும் அஞ்சலில் போய்ச் சேரும். அப்போது புகழ்பெற்றிருந்த ஒருவரின் நடையையே எடுத்து, அதைச் சற்றே திருகி, அவருக்கே திருப்பி அனுப்பும் குறும்பும் அதில் இருந்தது. இப்படி 22 தாள்கள் வெளிவந்தன. சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தவர்கள் இந்த அவையில் இருப்பார்களாயின், இருபத்திரண்டோடு நிறுத்திக்கொண்ட அந்த மூவரின் தன்னறிவைப் பாராட்டவே செய்வார்கள்.

அம்மூவருள் நூஜேயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1895இல் பிறந்தவர். உயிர்வேதியியல் படித்தவர், மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். பெல்ஜியப் பொதுவுடைமைக் கட்சி தோன்றிய நாளில் அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவர். பாரிசில் ஆந்த்ரே பிரெத்தோன் கனவையும் தன்னிச்சை எழுத்தையும் சர்ரியலிசத்தின் உயிர் என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, பிரஸ்ஸெல்சில் நூஜே அதனை ஏற்கவில்லை. கவிதை தானாக வழிந்து வருவது அன்று, செய்யப்படுவது என்பது அவர் கொள்கை. பழகிப்போன ஒரு பொருளை அதன் இடத்திலிருந்து பெயர்த்து, வேறோர் இடத்தில் வைத்து, அது என்ன செய்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். மூன்றாம் தளத்தில் மாட்டியிருக்கும் 'மறைவான ஆட்டக்காரன்' (1927) என்னும் பெரிய ஓவியத்தின் முன் நிற்பவருக்கு இந்தக் கொள்கை விளங்கிவிடும். கடைசல் பிடித்த பெரிய தூண்கள் மரங்களாகக் கிளைவிட்டு நிற்கின்றன. வெள்ளுடை அணிந்த இருவர் மட்டை கொண்டு ஆடுகின்றனர். அவர்கள் தலைக்கு மேலே கடலாமை ஒன்று காற்றில் நீந்துகிறது. ஓரத்தில் ஒரு பேழைக்குள் வாய் கட்டப்பட்ட பெண் நிற்கிறாள். எதுவும் உருகவில்லை, எதுவும் சிதையவில்லை. ஒவ்வொன்றும் தெளிவாக, பள்ளிப் பாடநூற் படம்போலத் தீட்டப்பட்டிருக்கிறது. இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

இதே தளத்தில் பலரும் தேடுவது ஓவியரின் தாயை. 1912இல், மக்ரீத்துக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, அவர் தாய் சாம்பர் ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். உடலை எடுத்தபோது இரவாடை முகத்தை மூடியிருந்தது என்றும், முகம் துணியால் மூடப்பட்ட உருவங்களை அவர் தீட்டியதற்கு அதுவே காரணம் என்றும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. அந்த வேளையில் சிறுவன் அங்கே இருந்ததாகக் கொள்வதற்கில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் கூறுகின்றனர். தம் படங்களை இப்படி உளப்பகுப்பாய்வுக்கு உட்படுத்துவதை மக்ரீத்தும் விரும்பியதில்லை. துயரம் உண்மை, அதனைக் கொண்டு படத்தின் பூட்டைத் திறந்துவிடலாம் என்பது எளிய வழி. கவிதைக்குப் பொருள் கேட்டுக் கவிஞரின் வீட்டுக்கு ஆள் அனுப்பும் திறனாய்வைப் போன்றது அது.

1927இல் மக்ரீத் மனைவி ழோர்ழெத்துடன் பாரிசை அடுத்த ஓர் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்த மூன்றாண்டுகளில்தான் சொல்லும் உருவமும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்வு நடந்தது. சுங்கான் ஒன்றைத் தெளிவாக வரைந்து அதன்கீழ், பள்ளிக்கூட எழுத்தில், இது சுங்கான் அன்று என்று எழுதிய 1929ஆம் ஆண்டின் படத்தை அறியாதார் இலர். பிரஸ்ஸெல்சுக்கு வந்து அந்தப் படம் எங்கே என்று கேட்பவர் ஏமாந்துபோவார். அது அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இருக்கிறது. 1952இல் வரைந்த ஒரு மைச்சித்திரத்தில் மக்ரீத் அந்த விளையாட்டைத் தொடர்ந்து, இது இன்னமும் சுங்கான் ஆகாமலே இருக்கிறது என்று எழுதி வைத்தார். 1929 டிசம்பரில் பிரெத்தோனின் இதழில், பதினெட்டுச் சிறு சித்திரங்களோடு அவர் வெளியிட்ட கட்டுரை அந்தப் படத்தைவிட முதன்மையானது. ஒரு பொருளுக்கும் அதன் பெயருக்கும் உள்ள உறவு உறுதியானதன்று. அதைவிடப் பொருத்தமான வேறு பெயர் அதற்குக் கிடைத்துவிடக்கூடும் என்பது அதன் சாரம். சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள் சொல்லத் தயங்கியதை ஓர் ஓவியர் சொன்னார்.

அந்த டிசம்பரிலேயே பிரெத்தோனோடு பிணக்கும் வந்தது. ழோர்ழெத் கழுத்தில் சிறு சிலுவை ஒன்றை அணிந்திருந்தார். கூட்டம் ஒன்றில், சமயச் சின்னத்தைக் கழற்றுமாறு பிரெத்தோன் சொல்ல, அவர் கழற்ற மறுக்க, கணவனும் மனைவியும் எழுந்து வெளியேறினர். 1930இல் இருவரும் பிரஸ்ஸெல்சுக்கே திரும்பினர்.

இரண்டாம் தளத்துக்கு இறங்கும் முன், அக்காலத்தில் அவர்கள் குடியேறிய வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அந்தத் தளத்தில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை. பிரஸ்ஸெல்சின் வடமேற்குப் பகுதியான ஜெத்தில், எஸ்ஸெகெம் தெருவில், 135ஆம் எண் வீடு. 1930 முதல் 1954 வரை அதன் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தனர். 1999 முதல் அந்த வீடும் தனி அருங்காட்சியகமாக இருக்கிறது. அரச சதுக்கத்து மாளிகையைப் பார்த்துவிட்டு அங்கே செல்பவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும்: வரிசை வீடுகளுள் ஒன்று, குறுகிய நடை, முன்னறை, படுக்கையறை, பின்னால் உணவறை. அந்த உணவறைதான் ஓவியக்கூடம். தோட்டத்துக் கொட்டகையில் மக்ரீத் தம் தம்பியோடு சேர்ந்து விளம்பர நிலையம் நடத்தினார். குடும்பம் நடந்தது அந்த வருவாயில்தான். அந்த வேலைகளை மடத்தனமானவை என்றே அவர் சொல்லிவந்தார். முன்னறையின் கணப்படுப்பைக் கண்டதும் பார்வையாளர் திடுக்கிடுவார். 1938இல் தீட்டிய படமொன்றில், புகைவண்டி எஞ்சின் ஒன்று புகைவிட்டபடி வெளியே பாய்ந்து வருவது அந்த அடுப்பிலிருந்துதான்.

அந்த வீட்டில் வார இறுதி மாலைகளில் நண்பர்கள் கூடுவார்கள். நூஜே வருவார். 1927இல் அறிமுகமான கவிஞர் லூயி ஸ்கியூதனேரும் அவர் மனைவியும் எழுத்தாளருமான இரேன் அம்வாரும் வருவார்கள். ஸ்கியூதனேர் சட்டம் படித்தவர். பின்னாளில் உள்துறை அமைச்சக ஊழியர். போல் கொலினே என்னும் கவிஞர் வருவார். 1937க்குப்பின் பதினேழு வயது இளைஞர் மர்சேல் மரியெனும் வந்து சேர்ந்தார். பகலில் ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் வேலை. மாலையில் இந்தக் கூட்டம். மக்ரீத் புதிதாகத் தீட்டிய படத்தை நிறுத்தி வைப்பார். அதற்குப் பெயர் இராது. பெயர் வைப்பது நண்பர்களின் வேலை.

இது விளையாட்டாக இருந்தது. விளையாட்டு மட்டுமாக இருக்கவில்லை. ஒருவர் ஒரு பெயர் சொல்வார், மற்றவர் மறுப்பார். அன்று முடியாவிட்டால் கடிதத்தில் தொடரும். சூட்டிய பெயர் மாற்றப்படுவதும் உண்டு. விதி ஒன்றே: பெயர் படத்தை விளக்கக்கூடாது, படமும் பெயருக்கு எடுத்துக்காட்டாக அமைந்துவிடக்கூடாது. படத்தில் பறவை இருக்க, பெயரில் பறவை வந்தால் அந்தப் பெயர் தோற்றது. படத்தைக் காண்பவர் தம் பழக்கத்தின் மூலையில் போய் ஒதுங்கிக்கொள்ளாதபடி தடுப்பதே பெயரின் பணி என்று மக்ரீத் கருதினார். கணப்படுப்பிலிருந்து வரும் எஞ்சினுக்கு அமைந்த பெயர், குத்துவாளால் குத்தப்பட்ட காலம் என்னும் பொருள் தருவது. ஆங்கிலத்தில் அது, காலம் அசைவற்று நின்றுவிட்டது என்னும் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மக்ரீத்துக்கு அதில் நிறைவில்லை. மூலத்தில் இருந்த கத்தி மொழிபெயர்ப்பில் தொலைந்துபோயிற்று.

தமிழ் படித்தோருக்கு இத்தகைய பெயரிடல் முற்றிலும் புதிதன்று. இயற்பெயர் தெரியாத புலவர் ஒருவரை அவர் ஆண்ட உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைத்தது குறுந்தொகை மரபு. அங்கே உருவம் புலவருக்குப் பெயர் தந்தது. எஸ்ஸெகெம் தெருவில் புலவர்கள் உருவத்துக்குப் பெயர் தந்தனர்.

இரண்டாம் தளத்தில் 'திரும்பி வருதல்' (1940) இருக்கிறது. இரவு வானத்தின் குறுக்கே ஒரு புறா. அதன் உடல் முழுதும் வெண்மேகம் மிதக்கும் பகல் வானம். கீழே கூட்டில் முட்டைகள். அந்த ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானியப் படை புகுந்தபோது மக்ரீத் ஸ்கியூதனேர் தம்பதியரோடு தென் பிரான்சின் கார்கசோன் நகருக்கு ஓடினார். ழோர்ழெத் பிரஸ்ஸெல்சிலேயே தங்கிவிட்டார். சில மாதங்களுக்குப்பின் மக்ரீத் வீடு திரும்பினார். இதை அறிந்தபின் படத்தின் பெயர் வெளிப்படையாகிவிட்டது என்று தோன்றலாம். ஆனால் யார் திரும்புவது, எங்கே திரும்புவது என்று படம் சொல்லவில்லை. பகலையே உடலாகக் கொண்ட பறவை இரவின் வழியே பறக்கிறது, அவ்வளவே.

போரின் நடுவில், 1943 முதல் சில ஆண்டுகள், பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ஒளிமிக்க வண்ணங்களில் மக்ரீத் தீட்டினார். இருண்ட காலத்துக்கு மகிழ்ச்சியையே எதிர்ப்பாக வைக்க விரும்பினார். நண்பர்களுள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1948இல் இன்னும் ஒருபடி மேலே போனார். பாரிஸ் தம்மை இருபதாண்டுகளாகப் பொருட்படுத்தாததற்குப் பழிதீர்ப்பதுபோல், சில வாரங்களுக்குள் முரட்டு வண்ணங்களில், கேலிச்சித்திரப் பாணியில், வேண்டுமென்றே அழகற்ற படங்களைத் தீட்டிக் குவித்து அங்கே கண்காட்சி வைத்தார். கண்காட்சிக்கான முன்னுரையைப் பேச்சுவழக்கில், நாகரிகமானவர் முகம் சுளிக்கும்படி ஸ்கியூதனேர் எழுதினார். ஒரு படமும் விற்கவில்லை. ழோர்ழெத்துக்கு அந்தப் பாணி பிடிக்கவில்லை என்பதால் மக்ரீத் பழைய முறைக்கே திரும்பினார். அந்தப் படங்கள் சில இப்போது அரச சதுக்கத்து மாளிகையில் மதிப்போடு மாட்டப்பட்டுள்ளன. அவற்றைக் கடந்து விரைந்து செல்லும் பார்வையாளர்களே பலர். கொஞ்சம் நின்றால், இரு நண்பர்கள் ஒருவரையொருவர் தூண்டிவிட்டுச் செய்த சிறுபிள்ளைக் குறும்பின் துணிவு தெரியும்.

முதல் தளத்தில் கூட்டம் நிற்பது 'லாம்பீர் தே லுமியேர்' என்னும் 1954ஆம் ஆண்டின் படத்தின் முன். இருளில் ஆழ்ந்த ஒரு வீடு. அதன் முன் ஒற்றைத் தெருவிளக்கு. சாளரங்களில் மங்கிய வெளிச்சம். நீரில் அதன் நிழல். மரங்களுக்கு மேலே மட்டும் நண்பகல் வானம், வெண்மேகங்களோடு. முதலில் பார்ப்பவருக்கு எதுவும் தவறாகத் தெரிவதில்லை. சில நொடிகள் கழித்துத்தான் கண் தடுக்கி விழுகிறது. 1949இலிருந்து இந்தப் பொருளை மக்ரீத் திரும்பத் திரும்பத் தீட்டினார். எண்ணெய் வண்ணத்தில் மட்டும் பதினேழு வடிவங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அதுவும் 1954ஐச் சேர்ந்ததே, 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 12 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று.

அந்தப் படத்துக்குப் பெயர் தந்தவர் நூஜே. தமிழில் அதனை 'ஒளியின் பேரரசு' என்று எழுதத் தோன்றுவது இயல்பு. ஆங்கிலத்திலும் டச்சிலும் ஜெர்மனிலும் அப்படித்தான் நிலப்பரப்பைக் குறிக்கும் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். நூஜேக்கு அதில் வருத்தம் இருந்தது. பிரெஞ்சுச் சொல்லின் அடிப்படைப் பொருள் நாடு அன்று, ஆற்றல். ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் மேலாண்மை என்று அவர் சுட்டிக்காட்டினார். அதாவது, இது ஒளி அரசாளும் ஓர் ஊரின் படம் அன்று. வானத்து ஒளி ஒன்று, தெருவிளக்கின் ஒளி ஒன்று. இரண்டும் பார்ப்பவர்மேல் செலுத்தும் ஆளுகையைப் பற்றிய படம். பெயரில் ஒளி என்பது பன்மையாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். 'ஒளிகளின் ஆளுகை' என்று தமிழில் எழுதினால் காதுக்கு அவ்வளவு இனிமையாக இல்லை. ஆனால் நூஜே சொல்ல வந்தது அதில் தங்குகிறது. 'பேரரசு' என்று வைத்துப் பார்க்கும்போது கண் வீட்டையும் மரத்தையும் அளக்கிறது. 'ஆளுகை' என்று வைத்துப் பார்க்கும்போது, தன்னை எது பிடித்து நிறுத்தியது என்று தேடுகிறது. ஒரே படம், ஒரு சொல்லால் இரண்டு படங்களாகிறது. கவிஞரின் பங்கு இவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால் படத்தின் அருகில் ஒட்டும் அட்டையில் ஓவியர் பெயர், படத்தின் பெயர், ஆண்டு, வண்ணத்தின் வகை இவற்றை எழுதுவதுதான் அருங்காட்சியகங்களின் வழக்கம். பெயர் தந்தவரின் பெயரை எழுதும் வழக்கம் எங்குமில்லை. எந்தப் பெயரை யார் சூட்டினார் என்பதைத் தேடித் தொகுக்கும் வேலை, டேவிட் சில்வெஸ்டர் பொறுப்பில் 1992 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த மக்ரீத் படைப்புகளின் முழுப்பட்டியலில்தான் விரிவாக நடந்தது. அங்கும் பல பெயர்களுக்கு உரியவர் எவரெனத் தெரியவில்லை. ஒரு மாலைப்பொழுதில் அறையில் இருந்த எல்லோருக்கும் உரியவை அவை.

இதை அநீதி என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு எளிதன்று. நூஜே தம் எழுத்தை நூலாக்குவதில் நாட்டமில்லாதவர். தம் குழுவினருள் எவருடைய பெயராவது சற்றே துலங்கத் தொடங்கினால் அதை அவரே அழித்துக்கொள்வது நல்லது என்னும் கருத்துப்பட 1929இல் பிரெத்தோனுக்குக் கடிதம் எழுதியவர். அவருடைய எழுத்துகள் ஓரளவு திரட்டப்பெற்று 1956இல் நூலானதும்கூட இளையவரான மரியெனின் முயற்சியால்தான். அழிந்துபோவதைத் தாமே தேர்ந்த ஒருவருக்காக வழக்காடுவது யார்? அதே சமயம், மக்ரீத்தைப் பற்றி 1943இல் நூஜே எழுதிய நூலைப் படித்தவர்கள், ஓவியர் பின்னாளில் பேட்டிகளில் சொன்னவற்றுள் பலவற்றின் வேர் அங்கே இருப்பதைக் காண்பார்கள். கொடுத்தவர் கணக்கு வைக்காமலிருப்பது பெருமை. பெற்றவரும் வைக்காமலிருப்பது அதே பெருமை ஆகாது.

1950களில் இருவருக்கும் இடையே விரிசல் கண்டது. நூஜே வேலையிழந்து இடர்ப்பட்டார். மக்ரீத்தின் படங்களோ அமெரிக்காவில் விலைபோகத் தொடங்கின. 1954இல் அவர் எஸ்ஸெகெம் தெருவை விட்டு அகன்றார். உணவறைக் கூட்டங்கள் பழைய நிலையில் இல்லை. 1962இல் நாக் என்னும் கடற்கரை ஊரில் மக்ரீத்தின் பெரிய கண்காட்சி நடந்தபோது, அவர் பெயரில் ஒரு துண்டறிக்கை பலருக்கும் போய்ச் சேர்ந்தது. தம் படங்களை வைத்து நடக்கும் வணிகச் சூதாட்டம் தமக்குச் சலிப்பூட்டுகிறது, ஆகவே விலைகளைப் பெருமளவு குறைத்துவிட்டேன் என்று அதில் இருந்தது. அரசர் தலைக்குப் பதில் மக்ரீத்தின் தலை பொறித்த பணத்தாளின் படமும் இருந்தது. அதை எழுதியவர் மரியென். பதினேழு வயதில் அந்த வீட்டு உணவறைக்கு வந்தவர், நாற்பத்திரண்டு வயதில், அங்கே கற்ற வித்தையையே அதன் தலைவர்மேல் திருப்பினார். புகழ்பெற்றவரின் நடையிலேயே எழுதி அவருக்கே அனுப்பிய அந்த நிறத்தாள்களின் குறும்புதான் இதுவும். மக்ரீத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மரியெனோடு உறவை முறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் மரியென் பக்கம் நியாயம் இருக்கிறது என்பாரும், நண்பரின் நற்பெயரோடு விளையாடலாகாது என்பாரும் உண்டு. ஏழைமையில் பகிர்ந்துகொண்ட கேலியை வசதி வந்தபின் பொறுக்க இயலாமற்போவது மனித இயல்புதான். ஆனாலும் விலையைப் பற்றிய அந்தக் கேலி மக்ரீத் தாமே இளமையில் எழுதியிருக்கக்கூடிய ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

ஸ்கியூதனேர் மட்டும் இறுதிவரை நண்பராக இருந்தார். மக்ரீத் கொடுத்தவையும் தாம் வாங்கியவையுமாக அவர் வீட்டுச் சுவர்கள் படங்களால் நிறைந்திருந்தன. விலை ஏறிய காலத்திலும் அவை அந்தச் சுவர்களிலேயே இருந்தன. மக்ரீத் மறைந்தது 1967 ஆகஸ்டு 15. ஸ்கியூதனேர் மறைந்தது 1987 ஆகஸ்டு 15. சரியாக இருபதாண்டு கழித்து, அதே நாளில். 1994இல் இரேன் அம்வாரும் மறைந்தார். அவர் எழுதி வைத்திருந்தபடி, அந்த வீட்டுப் படங்கள் அரச நுண்கலை அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்தன. 1986இல் மறைந்த ழோர்ழெத் விட்டுச்சென்றவையும் அங்கே வந்தன. இந்த இரண்டு கொடைகளும் இல்லையெனில் 2009இல் திறக்கப்பெற்ற மாளிகையின் மூன்று தளங்களையும் நிரப்பியிருக்க முடியாது. ஆக, அங்கே நின்று படம் பார்ப்பவர், பல இடங்களில், ஓர் ஓவியரின் கூடத்தில் நிற்கவில்லை. கவிஞர் ஒருவர் நாற்பதாண்டு பார்த்துக்கொண்டிருந்த சுவரின் முன் நிற்கிறார்.

ஜெத்து வீட்டுக்கு வேறொரு கதையும் உண்டு. 2009 செப்டம்பரில், புதிய மாளிகை திறந்த சில மாதங்களுக்குள், ஆயுதம் ஏந்திய இருவர் காலை வேளையில் அந்த வீட்டு மணியை அடித்து உள்ளே புகுந்து, 'ஒலிம்பியா' என்னும் 1948ஆம் ஆண்டின் படத்தைத் தூக்கிச் சென்றனர். ழோர்ழெத்தை மாதிரியாகக் கொண்டு தீட்டிய படம் அது. வயிற்றின்மேல் ஒரு சங்கு இருக்கும். புகழ்பெற்ற படத்தை விற்க வழியில்லாததாலோ என்னவோ, 2012 ஜனவரியில் அது திரும்பக் கிடைத்தது. வாடகைக்கு இருந்த காலத்தில் அந்த வீட்டில் திருடுவதற்கு எதுவும் இருக்கிறதென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1967 ஆகஸ்டில் மக்ரீத் மறைந்தபோது அவருடைய ஓவியத்தாங்கியில் முடிவுறாத ஒரு படம் இருந்தது. இரவு வீடும் பகல் வானமும் கொண்ட அதே பொருள். 'ஒளிகளின் ஆளுகை'யின் மற்றொரு வடிவம். நூஜேயோடு பேச்சு குறைந்து பல்லாண்டுகள் ஆகியும், அவர் தந்த பெயரை மக்ரீத் மாற்றவேயில்லை. அந்த ஆண்டு நவம்பரில் நூஜேயும் காலமானார்.